தைக்குத் தள்ளிப்போன காதுகுத்து

பாண்டிச்செல்வத்துக்குப் பகலில்தான் கனவு வரும். தன் ஊரான ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மாணவர்களை ஏற்றிக் கிருஷ்ணன்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கொண்டுபோய் இறக்கிவிட்டால், சாயங்காலம் வரை அவனுக்கு வேலை கிடையாது. மற்ற டிரைவர்கள் செல்போன் பார்ப்பார்கள், வம்பு பேசுவார்கள். இவன் பஸ்ஸின் கடைசி நீள சீட்டில் காலை நீட்டிப் படுத்து, ஜன்னல் வழியே மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். மேகம் இறங்கும், ஏறும். அதைப் பார்த்தபடியே தங்கை மகள் முனீஸ்வரிக்குக் காது குத்திக்கொண்டிருப்பான்.

மனசுக்குள் குத்துவதுதான். ஆனாலும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது. பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில் தங்கை புகுந்த வீட்டுக் குலசாமி கோயில். அணை நிரம்பி, காற்றெல்லாம் ஈரம். முன்னே மேளம், பின்னே சீர்த்தட்டுகள், நடுவில் வெள்ளை வேட்டியில் தாய்மாமன். மரநிழலில் சமுக்காளம் விரித்து உட்காருகிறான். பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்கிறார்கள். இந்த இடம் வரும்போது அவனுக்குக் கண் நிறைந்துவிடும். ஆசாரி ஊசியை எடுப்பதற்குள் தூங்கியும் போய்விடுவான்.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அப்பன்காரன்கூட அந்த இடத்தில் உட்கார முடியாது. இது பாண்டிச்செல்வத்துக்கு நன்றாகத் தெரியும், அதுதான் வினையாகப் போயிற்று. நான் போகாமல் அது நடக்காது, பிறகு எதற்கு அவசரப்பட்டு அழகைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டான்.

ஒரு வயதில் குத்தியிருக்க வேண்டும். அப்போது வேலைக்குப் புதிது, லீவு கேட்கக் கூச்சம். மூன்றாவது வயதில் மழை இல்லை. "காஞ்ச காட்டுலயா எம் மருமகளுக்குக் காது குத்துறது?" என்றான். ஐந்தில் கம்மல் என்ன மாதிரி என்பது முடிவாகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு நகைக்கடையில் இருந்த கம்மலையெல்லாம் எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டு, "செத்த யோசிச்சுட்டு வாரேன்" என்று வந்தவன்தான். கல்யாணத்துக்கும் இதே யோசனைதான். ஒரு பெண்ணைப் பார்த்து, பிடித்துப்போய், யோசித்து முடிப்பதற்குள் அவளுடைய மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தது. நாற்பது தாண்டியும் தனிக்கட்டை. அவனுக்கென்று இருந்த நெருங்கிய உறவு தங்கை வெங்கடேஸ்வரியும் அவள் மகளும்தான்.

தங்கை வாழ்க்கைப்பட்ட சுந்தரபாண்டியம் கல்லூரியிலிருந்து ஒன்றும் தூரமில்லை, ஷேர் ஆட்டோ ஏறினால் கொஞ்ச நேரம். பகலெல்லாம் சும்மா படுத்துக் கிடக்கிறவன் தினமும் போய் வரலாம். போக மாட்டான். பக்கத்தில்தானே இருக்கிறார்கள் என்ற தைரியம்.

எப்போதாவது போனால் முனீஸ்வரி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள்.

"எப்ப மாமா எனக்குக் காது குத்துவீக?"

"குத்திருவோம் தாயி."

"நாளைக்கா?"

"நாளைக்கு என்னத்துக்கு? ஊரே அசந்துபோற மாதிரி குத்துவோம்லா."

பிள்ளைக்கு ஏழு வயதாகிவிட்டது. வகுப்பில் மூளிக்காது என்று கேலி செய்தார்கள். அம்மாவின் ஒட்டுப்பொட்டில் இரண்டை எடுத்துக் காதில் ஒட்டிக்கொண்டு போவாள். வீடு திரும்பும்போது ஒன்றுதான் இருக்கும்.

போன ஆனியில் வெங்கடேஸ்வரி போன் செய்தாள்.

"அண்ணே, ஆவணில ஒரு நாள் நல்லாருக்காம். இந்த வீட்டுல எல்லாரும் கேக்காக, எனக்குப் பதில் சொல்ல முடியல. புள்ள காதுல பொட்ட ஒட்டிக்கிட்டுத் திரியுது."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மலை வறண்டு, வெளுத்துக் கிடந்தது.

"ஆவணில வெயிலுல்லா கொல்லும். தையில வச்சிக்கிடுவோம்ட்டி. அணை நெறஞ்சு, பாக்கவே எம்புட்டு நல்லாருக்கும் தெரியுமா? மேளத்துக்கு நானே சொல்லிருதேன்."



"சரிண்ணே," என்றாள்.

அது எந்தச் சரி என்று அவன் யோசிக்கவில்லை. எது எதற்கோ யோசிக்கிற மனுசன், இதற்கு யோசித்திருக்கலாம். தைதான் முடிவாகிவிட்டதே என்று, அதற்குப் பிறகு சுந்தரபாண்டியம் பக்கமும் போகவில்லை.

ஐப்பசியில் நல்ல மழை. அணை நிரம்பியது. மலை கழுவிவிட்ட மாதிரி பக்கத்தில் வந்து நின்றது. கனவிலும் எல்லாம் பச்சையாக, பளபளப்பாக நடந்தது. தை பிறந்ததும் அவனுக்கே ஆச்சரியமாக ஒன்று செய்தான்: தேரடிக்குப் போய்க் கிளிக் கம்மல் வாங்கிவிட்டான். மேளக்காரரிடமும் பேசிவிட்டான். சனிக்கிழமை மாணவர்களை இறக்கிவிட்டு நேரே ஆட்டோ ஏறினான். ரோட்டின் இரண்டு பக்கமும் நெற்கதிர் சாய்ந்து கிடந்தது, அதற்குமேல் பனி இன்னும் விலகவில்லை. கனவுக்குள்ளேயே போய்க்கொண்டிருப்பது போல் இருந்தது அவனுக்கு. இவ்வளவு சந்தோஷமாக அவன் எங்கேயும் போனதில்லை.

முனீஸ்வரி வாசலில் கட்டம் கீறிப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். அவள் குதிக்கக் குதிக்கக் காதில் சிவப்புக்கல் தோடு மின்னியது. பொட்டுத்தான் என்று நினைத்துக் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தான். பின்னால் திருகாணி இருந்தது. குத்திய துளை நன்றாக ஆறியிருந்தது.

வெங்கடேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஆவணியிலயே முடிச்சுட்டோம்ணே."

"யாரு மடியில?"

"நம்ம சித்தப்பா மகன் சமுத்திரம் அண்ணன் மடியிலதான். அவியளும் தாய்மாமன் முறைதான?"

ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிறவன் சமுத்திரம். சொன்ன அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, தோளில் ஒரு துண்டோடு வந்து உட்கார்ந்தானாம். மேளம் கிடையாது, சீர்த்தட்டு கிடையாது. நல்ல வெயிலாம். வீட்டு ஆட்கள் மட்டும் கோயிலில் பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தார்களாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாட்டி?"

"சொன்னா நீ மாசிக்குன்னு சொல்லிருப்ப."

கோபமில்லாமல்தான் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான், கொஞ்சம் ஆறியிருக்கும். மடி கொடுத்தவனைத்தான் இனி எல்லா விசேஷத்துக்கும் முதலில் கூப்பிடுவார்கள். இந்தப் பிள்ளையின் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுப்பதும் அவனாகத்தான் இருக்கும்.

உள்ளே போன் அடித்தது. முனீஸ்வரி ஓடிப்போய் எடுத்துப் பேசிக்கொண்டே வந்தாள்.

"நல்லாருக்கேன் மாமா... அம்மா இங்கனதான் இருக்காக... ராஜபாளையத்து மாமா வந்துருக்காவ."

போனில் பேசிய சமுத்திரமும் ராஜபாளையத்தில்தான் இருக்கிறான். ஏழு வருசமாக அந்த வீட்டில் வெறும் மாமா என்றால் அது பாண்டிச்செல்வம்தான். இப்போது அவனைச் சொல்ல ஊர்ப் பெயர் வேண்டியிருக்கிறது.

"நீங்களும் பேசுதீகளா மாமா?" என்று பிள்ளை போனை நீட்டியது. அவன் வாங்கிக்கொண்டு தெருப்பக்கம் திரும்பி நின்றான். சண்டை போடத்தான் வாயைத் திறந்தான்.

"ஏலே சமுத்திரம்," என்றான். "குத்தும்போது புள்ள அழுதாளாலே?"