லேட்டாக வந்த கேஸ்

ஐம்பதுகளின் பின்பாதியில் திருச்சியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்டாக இருந்தேன். பத்திரிகை வேலைக்குப் போனது அதற்குப் பிறகு. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, வெளிநோயாளிகள் போன பிறகு, பெரிய டாக்டரம்மாவின் அறையில் ஒரு கூட்டம் நடக்கும். அந்த மாதம் இறந்த குழந்தைகளின் கேஸ் ஷீட்டுகளை நான் ஒவ்வொன்றாக வாசிப்பேன். டாக்டரம்மாவும் இரண்டு உதவி டாக்டர்களும் மேட்ரனும் கேட்பார்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் டாக்டரம்மாவிடமிருந்து ஒரே கேள்வி வரும்: "இதைத் தடுத்திருக்க முடியுமா?" பதிலை டைப் செய்து ஃபைலில் வைப்பது என் வேலை. அறையில் யாரும் குரல் உயர்த்த மாட்டார்கள். நடுவில் காபி வரும்.

நான் அதிகமாக டைப் செய்த பதில், "லேட்டாக வந்த கேஸ்." அதைச் சொன்னால் அடுத்த ஷீட்டுக்குப் போய்விடலாம்.

ஒரு மாதம், கூட்டத்துக்கு முந்தின நாள், ஒரு கேஸ் ஷீட் குறைந்தது. வார்டிலேயே தங்கிவிட்டது என்றார்கள். எடுக்கப் போனேன். கட்டிலில் இருந்தவளுக்கு இருபது வயது இருக்கலாம். உப்பிலியபுரம் பக்கம், விவசாயக் குடும்பம். தலைப்பிரசவம். குழந்தை இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பால் கட்டாமலிருக்க மார்பைச் சுற்றித் துணி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மாமியார் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்.

"அதுல என்னக்கா எழுதியிருக்கு?" என்றாள் அந்தப் பெண்.

சொல்லாமல் போயிருக்கலாம். லேட்டாகக் கொண்டுவரப்பட்டதாக எழுதியிருக்கிறது என்றேன்.

"நான் என்ன சொன்னேன்?" என்றார் மாமியார். "வலி வந்ததை அமுக்கிக்கிட்டே கெடந்திருக்கா. எருமை கூட கத்தும், இவ கத்தமாட்டா. ஞாயித்துக்கிழமை எம்புள்ள வரட்டும், காகிதத்துலயே எழுதிட்டாங்கன்னு சொல்றேன்."

பெண் மாமியாரைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் சொன்னாள். "பொன்மலைச் சங்கு ஊதுறப்ப நாங்க வந்தாச்சுக்கா."

பொன்மலை ரயில்வே பட்டறையின் பன்னிரண்டு மணிச் சங்கு ஆஸ்பத்திரி வரை தெளிவாகக் கேட்கும். நாங்கள் கடிகாரத்தைத் திருத்துவதே அதை வைத்துத்தான். ஷீட்டில் சேர்ந்த நேரம் 1.10 என்று இருந்தது.

மாமியாரிடம் கேட்டேன். "சங்கு ஊதும்போது எங்க இருந்தீங்க?"

"வாசல் பெஞ்சுல. சீட்டு எழுதுறவர் சாப்பிடப் போயிருந்தாருங்க. அவரு வந்து எழுதினதும் உள்ள விட்டாங்க."

"அப்ப லேட்டா வரலையே?"

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "டாக்டரம்மா எழுதியிருக்காங்களே. அவங்களுக்குத் தெரியாதா?"

ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பெஞ்சில் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். இருந்தும் காகிதத்தைத்தான் நம்பினார்.

மறுநாள் அந்த ஷீட்டை வாசித்து முடித்தேன். பிரசவம் தடைப்பட்டிருந்தது, பரிசோதித்தபோது குழந்தைக்கு இதயத்துடிப்பு இல்லை. டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே மேட்ரன், "லேட் கேஸ், டாக்டர்" என்றார். நான் அடுத்த ஷீட்டை எடுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் வாசிப்பதைத் தவிர நான் பேசியது அதுதான் முதல் தடவை. சங்கையும் பெஞ்சையும் சொன்னேன்.

"டைப் அடிக்கிற பொண்ணு பிரசவமும் பார்க்க ஆரம்பிச்சாச்சா?" என்றார் மேட்ரன். உதவி டாக்டர் ஒருவர் சிரித்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வாசல் ஆயாவைக் கூப்பிட்டனுப்பினார். ஆயா கதவோரமாக நின்றாள்.

"ஆமாங்கம்மா, உக்காந்திருந்தாங்க. வலியிலதான் இருந்துச்சு அந்தப் பொண்ணு. சீட்டு இல்லாம யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவுங்களே."

"யார் உத்தரவு?"

ஆயா மேட்ரனைப் பார்த்தாள். எனக்குத் தெரியும். சீட்டு இல்லாமல் நோயாளிகள் வார்டுக்குள் வந்து குழப்பமாகிறது என்று ஒரு வருஷத்துக்கு முன் போட்ட உத்தரவு. டாக்டரம்மாவின் கையெழுத்து, டைப் செய்தது நான். சொன்னேன்.

டாக்டரம்மா ஷீட்டைத் தன் பக்கம் இழுத்தார். "பன்னிரண்டு மணிக்கு நான் பார்த்திருந்தா துடிப்பு இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனா அவ லேட்டா வரலை." லேட் என்றிருந்த வரியைப் பேனாவால் அடித்து, வாசலில் காத்திருந்த நேரத்தைப் பக்கத்தில் எழுதினார். முதலில் கட்டில், பிறகு சீட்டு என்று புது உத்தரவை அங்கேயே சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். மேட்ரன் அடுத்த ஷீட்டுக்குக் கை நீட்டினார்.

"இருங்க," என்று எழுந்தார் டாக்டரம்மா. "அவங்க இன்னும் வார்டுலதானே இருக்காங்க?"

கூட்டம் பாதியில் நின்று நான் பார்த்ததில்லை. நானும் கூடப் போனேன்.

டாக்டரம்மா வந்ததும் மாமியார் பாயை விட்டு எழுந்துகொண்டார். "நீங்க நேரத்துக்குத்தான் வந்தீங்க," என்றார் டாக்டரம்மா. "நாங்கதான் வாசல்ல உக்கார வச்சிட்டோம். காகிதத்துல தப்பா எழுதியிருந்தது. மாத்திட்டேன்."

மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு டாக்டரம்மாவிடம், "பெஞ்சுல இவ முனகினப்ப நான்தாங்க அதட்டினேன்," என்றார். "ஆஸ்பத்திரியில சத்தம் போடாத, திட்டுவாங்கன்னு."

டாக்டரம்மா பெண்ணின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, துணிக்கட்டைத் தளர்த்தி மறுபடி கட்டச் சொன்னார்.

பெண் தலையணையிலிருந்து நிமிர்ந்தாள். "அத்தை, நாளைக்கு அவரு வந்தா நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பமாட்டாரு."

"சொல்றேன்," என்றார் மாமியார். கொஞ்சம் பொறுத்து, "நான் அதட்டினதையும் சொல்றேன்," என்றார்.