கடலில் களை கிடையாது

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சோபா இருந்த இடத்தில் இப்போது மூன்றரை அடி நீளத்துக்கு ஒரு கடல் இருக்கிறது. நன்னீர் மீன் எல்லோரும் வளர்க்கிறார்கள் என்பதற்காக நான் உப்புநீர்த் தொட்டி வைத்தேன். அதற்கென்று விற்கும் உப்பைப் பொட்டலமாக வாங்கி, சுத்திகரித்த நீரில் கரைத்து, அளவு பார்த்து ஊற்றினேன்.

"உப்பை வாங்கித் தண்ணியில கரைக்கிறதுக்கு மணமேல்குடி பஸ் ஏறிப் போயி கடல்லயே ரெண்டு கொடம் மொண்டுட்டு வரலாம்ல?" என்றாள் மனைவி. விஞ்ஞானம் தெரியாதவர்களிடம் என்ன பேசுவது என்று அடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன்.

ஒரு காலை, திருச்சிக் கடையில் வாங்கிய சிமெண்டுப் பாறையின் மேல் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. பழுப்பு நிறத்தில் விரல்கடை உயரத்துக்கு ஒரு தண்டு. உச்சியில் மெல்லிய இழைகள் வட்டமாக விரிந்து அசைந்தன. என் நிழல் பட்டதும் சடக்கென்று சுருங்கிக்கொண்டது.

மனைவி குனிந்து பார்த்தாள். "ஏங்க, இது ஏதோ களை மாதிரி இருக்கு."

"கடல்ல களை கிடையாது" என்றேன். நான் திருமயம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு ஆசிரியன். கடலைப் பற்றி அப்படித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் விளங்கவில்லை.

செடிகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் செயலியில் படத்தை ஏற்றினேன். முருங்கைக் கன்று என்றது. மீன் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவர் பாசி என்றார், ஒருவர் புழு என்றார், மூன்றாமவர் அரிய வகைப் பவளம் என்றார். மூவரில் யார் அறிவாளி என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது.

மறுநாள் ஆசிரியர் அறையில் பவளம் பிறந்த செய்தியை அறிவித்தேன். எங்கள் விலங்கியல் டீச்சர், என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆர்வமாகக் கேட்டார்: "சார், போட்டோ இருக்கா? பாக்கலாமா?"

"போட்டோவுல பாத்தா தெரியாதுங்க டீச்சர்" என்றேன். அப்போது என் போனில் வேறு படமே இல்லை. பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களைக்கூட அழித்து இதற்கு இடம் செய்திருந்தேன்.

அந்த வாரமே வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சித்தன்னவாசல் ஓவியம் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அப்படியே எங்கள் பவளத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஓவியத்தைவிட இதுதான் தெளிவாகத் தெரிகிறது என்று ஒருவர் சொன்னபோது, நான் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். வன அலுவலகம் ஒன்றில் கிளார்க். தொட்டியையே பார்த்தபடி காப்பியைக் குடித்து முடித்தார்.

"பவளம்னா சொன்னீங்க?"

"அரிய வகை" என்றேன்.

"சார், பவளத்தை வீட்டுல வச்சிருந்தா கேசுங்க. வனவிலங்குச் சட்டத்துல அதுவும் புலியும் ஒரே அட்டவணை." டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "நான் எதையும் பாக்கலை. காப்பி குடிக்க வந்தேன், குடிச்சேன், போறேன்."

கூடத்தில் புலி கட்டிவைத்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எனக்கு. முதலில் தொட்டியின் மேல் போர்வையைப் போட்டேன். பிறகு பிளேடை எடுத்துப் பவளத்தைத் துண்டு துண்டாக அறுத்து, கைக்கு அகப்பட்டதை எடுத்து எறிந்தேன். வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன். இரண்டு வாரத்தில் ஒன்று இருந்த பாறையில் ஒன்பது இருந்தன. வகுத்தால் பெருகும் கணக்கை நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை.

வேறு வழியில்லாமல் விலங்கியல் டீச்சரிடம் போய் நின்றேன். அவர் எதையும் குத்திக்காட்டவில்லை. அந்தச் சனிக்கிழமையே கணவருடன் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். போர்வையை விலக்கியவர் அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"சார், இது பவளம் இல்ல. கண்ணாடி அனிமோன். கடல் சாமந்திங்கிற பிராணி வகை. கடைத் தொட்டியில கெடந்தப்பவே பாறையோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். தொட்டி வளக்குறவங்க இதைக் களைன்னுதான் சொல்லுவாங்க. வெட்டுனா ஒவ்வொரு துண்டும் மொளைச்சு வந்துரும்."

மனைவி டீச்சருக்கு இன்னும் இரண்டு முறுக்கு எடுத்து வைத்தாள்.

"பவளம் இல்லைங்கிறது உறுதிதானே டீச்சர்?"

"உறுதிங்க சார்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெயிலுக்குப் போகவேண்டியதில்லை என்பதில் சந்தோஷம்தான். ஆனால் ஒரு வாரம் ஊரைக் கூட்டிக் காட்டியது பார்த்தீனியச் செடியின் கடல் தங்கச்சியை என்று நினைத்தபோது, ஒரு சின்னக் கேசாவது போட்டிருக்கலாமே என்று தோன்றியது.

டீச்சரே வைத்தியமும் சொன்னார். மோட்டாரை நிறுத்திவிட்டு, நீர்த்த சுண்ணாம்பைக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பொட்டு வைக்கவேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் வைத்தால் மீன் தாங்காது. வெற்றிலைக் கடைக்காரரிடம் சுண்ணாம்பு வாங்கிவந்தேன். நான் வைத்த முதல் பொட்டு மீனின் வாலருகே போய் விழுந்தது. மனைவி சிரிஞ்சைப் பிடுங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் உண்மையைச் சொன்னேன். யாரும் சிரிக்காதது இன்னும் கஷ்டமாக இருந்தது. தமிழாசிரியர் மட்டும், "களையா இருந்தா என்ன சார், அழகாத்தானே இருக்கு, எங்க வீட்டுத் தொட்டிக்கு ஒண்ணு குடுங்களேன்" என்றார். அவருடையது நன்னீர்த் தொட்டி என்று சொல்லித் தப்பித்தேன்.

ஒன்பதில் ஏழு போய்விட்டன. பாறையின் பின்பக்கம் புதிதாக மூன்று வந்திருக்கின்றன. ஞாயிறு காலைகளில் நான் டார்ச் பிடிக்கிறேன், மனைவி சுண்ணாம்பு வைக்கிறாள். "இங்கிட்டுக் காட்டுங்க" என்கிறாள். காட்டுகிறேன்.