இரண்டு விரல் மேலே

ஓட்டை போடுவதும் நாங்கள், அடைப்பதும் நாங்கள். ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டு வைத்தியம் பார்க்கிற கேத் லேப்பில் டெக்னீஷியன் வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருஷம் இதைத்தான் செய்தேன். என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்கள் படித்தால் தலையாட்டுவார்கள்.

தொடை வழியே கழுத்துக்கு

முகையூர்ப் பக்கத்து அம்மா ஒருவருக்கு வேறெங்கோ டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்டபோது, ஊசி தவறி ரத்தக்குழாயைக் கிழித்துவிட்டது. தொடை வழியே ஸ்டென்டை, அதாவது துணி போர்த்திய கம்பிவலைக் குழலை, கொண்டுபோய் உள்ளிருந்தே அடைப்போம் என்று அவர் கணவருக்குப் படம் போட்டு விளக்கினேன். மனிதர் படத்தில் தொடை மேல் விரலை வைத்தார்.

"அப்ப ஒரு ஓட்டைய அடைக்க இன்னொரு ஓட்டை போட்றீங்க. அத்த யாரு சார் அடைப்பாங்க?"

முதுகு வலி

அதை அடைப்பது என் கை. குழாயை உருவியதும் இருபது நிமிஷம் தொடையை அமுக்கிப் பிடிக்க வேண்டும். தோலில் தெரிகிற ஓட்டையை அல்ல, அதற்கு இரண்டு விரல் மேலே. ஊசி சாய்வாகப் போவதால் ரத்தக்குழாயின் ஓட்டை அங்கேதான் இருக்கும்.

மரக்காணம் பக்கம் கடல் தொழில் செய்யும் ஏழுமலைக்கு ஆஞ்சியோ முடிந்தபோது மதியம் ஆகிவிட்டது. எனக்கு அன்றைக்கு ஆறாவது ஆள். அலுப்பில் தோலில் தெரிகிற ஓட்டையையே அமுக்கிக்கொண்டு நின்றேன். வெளியே ரத்தம் நின்றது. அரைமணியில் முதுகு வலிக்கிறது என்றார். ரத்தம் உள்ளே இறங்கினால் அப்படித்தான் வலிக்கும். எனக்குத் தெரியாததா? படுத்தே கிடப்பதால் வருகிற வலி என்று சொல்லிவிட்டேன். பாவி மனிதர், நம்பினார்.

"ஆமா தம்பி, போட்டுல படுத்தாகூட இப்டி வலிக்காது. உங்க கட்டிலு ரொம்ப மோசம்."

திண்டிவனம் தாண்டவில்லை

ரத்த அழுத்தம் விழுந்தது. ரத்தக்குழாயைத் திறந்து தைக்கிற சர்ஜன் ஊரில் இல்லை. அவர் ரத்தக்குழாய் அளவுக்கு ஸ்டென்டும் எங்களிடம் இல்லை. சென்னையிலிருந்து காரில் வர வேண்டும். ஒரு பக்கம் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அமுக்கிக்கொண்டிருந்தேன், இந்த முறை சரியாக இரண்டு விரல் மேலே. டிரைவருக்குப் போன் போட்டால், திண்டிவனத்தில் லாரி குறுக்கே நிற்கிறது என்றார். கார் வந்தபோது ஏழுமலை இல்லை. ஸ்டென்ட் பெட்டியைப் பிரிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

தப்பு என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வெளியே வந்தேன். கண்ணாடி வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஒருத்தர்தான் தம்பி கடைசி வரைக்கும் வுடாம புட்ச்சிக்கினு இருந்தீங்க. இந்தக் கை நல்லா இருக்கணும்."

இத்தனை வருஷ வேலையில் ஒரு சொட்டும் கசியாமல் நான் அடைத்தது என் வாயை மட்டும்தான்.