ஒளிக்குக் குண்டு ளி

இருட்டுக்கு ஒரு லோகோ வேண்டும் என்று கேட்டு வந்தார் அந்த ஆசிரியை. புக்கிட் மெர்தாஜாமில் ஓர் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவர். வானம் பார்க்கும் சிறு குழு ஒன்றையும் நடத்துகிறார். தெருவிளக்கும் கடைவிளக்கும் கட்டடத்து விளக்குகளும் மேலே வழிந்து வழிந்து, பினாங்கு வானத்தில் நட்சத்திரங்களைத் தேட வேண்டியதாகிவிட்டது, அதைச் சனங்களுக்குச் சொல்ல ஓர் இயக்கம் தொடங்குகிறோம், அதற்கு ஒரு முகம் வேண்டும், நான்கு மொழிகளில் போஸ்டர் வேண்டும் என்றார்.

"விளக்க அணைக்கச் சொல்லலம்மா. விளக்குக்குத் தொப்பி போடுங்கனுதான் சொல்றோம். வெளிச்சம் கீழ விழட்டும், மேல போக வேணாம். அவ்வளவுதான் லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினைந்து வருடமாக எதையும் பளிச்சென்று காட்டுவதுதான் என் பிழைப்பு. என்னிடம் வந்து இருட்டைக் கேட்கிறாரே என்று நினைத்தேன். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் சிறு சந்தில், பழைய கடைவீட்டின் மாடியில் நானும் உம்மாவும் இருக்கிறோம். என் வேலை மேசை முன்னறையில். அந்த அறையின் ஜன்னல் மேற்கே பார்க்கும். தூரத்தில் கொடிமலை தெரியும். நேர் எதிரே ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடை. அதன் உச்சியில் நிற்கும் பெரிய எல்இடி போர்டு, மூன்று வருடத்துக்கு முன் கம்பெனி வேலையை விட்டு நான் சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது செய்த முதல் வேலை. வெள்ளைப் பின்னணி, ஓரத்தில் ஓடும் சிவப்பும் நீலமும். கடைக்கார அண்ணன், "பட்டர்வொர்த் ஃபெரியில இருந்தே தெரியணும் தங்கச்சி" என்று கேட்டார். செய்து கொடுத்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் உம்மா ஜன்னலோரம் கூட்டிப்போய், "எம் மக போட்டது" என்று காட்டுவார். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்றும் இருக்கும்.

இந்த ஜன்னலில்தான் உம்மா மாதாமாதம் பிறை பார்த்தார். அறிவிப்பு எப்படியும் கைப்பேசிக்கு வந்துவிடும். அது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு என்பார். முதல் நாள் மலை மறைத்துவிட்டால் இரண்டாம் நாள். அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்வார். தெரிந்ததும் இரண்டு கையையும் ஏந்தி துஆ ஓதிவிட்டு, வேறு எதையும் பார்க்காமல் சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். பிறை பார்த்த கண்ணால் முதலில் பிடித்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். சின்ன வயதில் அந்தப் பார்வைக்காகவே நான் பக்கத்தில் போய் நிற்பேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாதம், நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு உம்மா எழுந்து வந்தார். "தெரியலம்மா. கண்ணு மங்கிடுச்சு" என்றார். அடுத்த மாதமும் அதேதான். பிறகு உட்காருவதையே விட்டுவிட்டார். தூசி வருகிறது என்று ஜன்னலுக்குத் தடித்த திரை ஒன்றைத் தைத்து மாட்டினார். பொழுது சாய்ந்ததும் அதை இழுத்துவிடுவார்.

நான் பயந்துபோனேன். அத்தாவுக்கு, என் தகப்பனாருக்கு, கடைசிக் காலத்தில் சர்க்கரை நோயால் கண் போனது. சுவரைத் தடவிக்கொண்டு அவர் நடந்தது இன்னும் என் காதில் இருக்கிறது. கண் மருத்துவரிடம் மூன்று முறை நேரம் வாங்கினேன். மூன்று முறையும் உம்மா ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார். முழங்கால் வலி என்றார், மழை என்றார், ஒரு முறை சமைத்து வைத்த மீன் கெட்டுவிடும் என்றே சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கண்ணு முழுசாப் போனாத்தான் வருவீங்களா?" என்று கத்தியிருக்கிறேன். கத்திவிட்டு, பயத்தில்தான் மறுக்கிறார், பாவம் என்று இரவெல்லாம் மனம் அடித்துக்கொள்ளும்.

இந்த நிலையில்தான் நான் இருட்டை வரைய உட்கார்ந்தேன்.

முதல் பிரச்சினை கறுப்பு. "பேய்ப் படம் மாதிரி ஆயிடக்கூடாது" என்று ஆசிரியை எச்சரித்திருந்தார். திரையில் வைக்கிற கறுப்பும் உண்மையில் ஒளிர்கிறது. பின்னாலிருந்து விளக்கு தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் கணினியை மூடிவிட்டு, மாலை ஏழு மணிக்கு மேல் தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். சாயங்கால வெளிச்சம் போய், கடைவிளக்கு வருவதற்குள் சிறிது நேரம் இருக்கும். அப்போது கடைகளின் முன்நடையான அஞ்சடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் இருட்டும். மசாலைக் கடை வாசல் பழுப்பாக இருட்டியது. துணிக்கடை வாசலில் ஊதா. மழை பெய்து ஓய்ந்த தார்ச்சாலையில் ஒரு பச்சை மினுங்கிவிட்டுப் போனது. பால் கலக்காத கோப்பி ஓ குவளையின் அடியில் மிஞ்சியிருந்தது கறுப்பே இல்லை, கனிந்த சிவப்பு. இத்தனை வருடம் இதே தெருவில் நடந்தவள், தூக்கத்தில் நடந்திருக்கிறேன் என்று தோன்றியது. பள்ளிவாசல் கோபுரத்துக்குப் பின்னால் வானம் மெல்ல மெல்ல ஆழமாவதை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிடுவேன். மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹாரன் அடித்து என்னைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

அந்த நிறங்களைத்தான் போஸ்டருக்கு எடுத்தேன். கறுப்பு ஒரு சொட்டும் இல்லை. லோகோ ஒரு மத்தியானத் தூக்கத்தில் கிடைத்தது. கனவில் என் கை தமிழ் எழுத்தை எழுதிக்கொண்டிருந்தது. ஒளி என்று எழுதி, கடைசி எழுத்தின் தலைக்கு மேல் அந்தக் கொக்கியை வளைத்தபோது, அது ஒரு விளக்கின் தொப்பியாகக் கவிழ்ந்துகொண்டது. விழித்ததும் பென்சிலைத் தேடினேன். எழுத்தின் மேல் வளையும் கொக்கி, அதன் கீழே மஞ்சளாய் விழும் வெளிச்சம், கொக்கிக்கு மேலே கருநீலத்தில் ஒரே ஒரு புள்ளி. மற்ற மூன்று மொழி போஸ்டர்களிலும் சொல் மாறும், தொப்பியும் புள்ளியும் மட்டும் அப்படியே நிற்கும்.

கைப்பேசியில் படம் பார்த்த ஆசிரியை, "அழகா இருக்கும்மா, அழுகை வருது" என்றார். குழுவில் இருந்த மற்றவர்கள் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள். அவர்களும் அழகு என்றார்கள். நான்கு மாதிரிப் பிரதிகளை அச்சடித்து வந்து, முன்னறைச் சுவரில் வரிசையாக ஒட்டினேன். மிதப்பாகத்தான் இருந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

அன்று மாலை உம்மா தேநீர் கொண்டுவந்தார். அறையில் விளக்குப் போடவில்லை. கதவருகில் நின்றபடியே சுவரைப் பார்த்தார்.

"ஏம்மா, சத்தத்துக்கா கூட்டம் போடுறீங்க?"

"என்ன சத்தம்?"

"ஒலி மாசுனு போட்டிருக்கே. அது சத்தம்லா. வெளிச்சத்துக்குக் குண்டு ளி போடணும். தமிழ்ப் பள்ளிக்கூடத்துல என்னத்தத்தான் படிச்சே?"

தூக்கிவாரிப் போட்டது. கிட்டப் போய்ப் பார்த்தேன். பெரிய எழுத்தில், என் கனவுத் தொப்பியின் கீழே, ஒல்லியாக ஒரு 'ல' உட்கார்ந்திருந்தது. ஆங்கில விசைகளில் ஒலியோ ஒளியோ எதைத் தட்டினாலும் கணினி முதலில் நீட்டுவது அதைத்தான். நாங்கள் பேசும்போதும் மூன்று லகரமும் நாக்கில் ஒன்றுதான். நானும் கவனிக்கவில்லை, ஆசிரியையும் கவனிக்கவில்லை. பினாங்கு முழுக்க ஒட்டியிருந்தால் மானம் போயிருக்கும்.

"நல்ல சொல்லும்மா அது" என்று உம்மா தேநீரை மேசையில் வைத்தார். "ஒளினா வெளிச்சம். ஒளினா ஒளிஞ்சுக்கோனும் சொல்லலாம். ரெண்டுக்கும் குண்டு ளிதான்."

அசடு வழியச் சிரித்துக்கொண்டே திருத்தத்தைக் குறித்தேன். குறித்துக்கொண்டிருந்த பென்சில் பாதியில் நின்றது. கதவருகிலிருந்து சுவர் வரை பத்தடி. அறையில் அரை இருட்டு. ல-வுக்கும் ள-வுக்கும் வித்தியாசம் ஒரு சுழி. கண் மங்கிய உம்மா அதை எப்படிப் பார்த்தார்?

சுவரில் தொங்கிய நாட்காட்டியில், தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் பிறைத் தேதியை வாசிக்கச் சொன்னேன். "நாளைக்கு ஷஃபான் ரெண்டு" என்று நின்ற இடத்திலிருந்தே வாசித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மனதிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. ஆனால் கண் நன்றாக இருந்தால் பிறை ஏன் தெரியவில்லை? மஃரிப் பாங்கு முடிந்ததும், உம்மாவின் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு, அவர் உட்காரும் மாதிரியே உட்கார்ந்து, திரையை விலக்கினேன்.

எதிரே என் போர்டு எரிந்தது. ஜன்னல் முழுக்க வெள்ளை. ஓரத்தில் சிவப்பும் நீலமும் ஓடி ஓடித் துரத்திக்கொண்டிருந்தன. கையால் நெற்றியை மறைத்துப் பார்த்தேன். மலை இல்லை, வானம் இல்லை. இத்தனை நாள் என் மேசை ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் இருந்தது. மூன்று வருடம் மருத்துவருக்கு நேரம் வாங்கியவள், ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

மறுநாள் காலை கடைக்கார அண்ணனிடம் போனேன். கோழிக் குழம்பு அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ போட்ட போர்ட நீயே அணைக்கச் சொல்றியா? போர்ட அணைச்சா, கடை மூடிட்டாங்கனு நெனப்பாங்க தங்கச்சி!"

"உங்க குழம்பு வாசனைக்குக் கண்ண மூடிக்கிட்டு வருவாங்கண்ணே. இன்னைக்கி மஃரிப்புக்கு அப்புறம் அரை மணி நேரம் மட்டும். உம்மா பிறை பார்க்கணும். அப்புறம் நானே வேற போர்டு போட்டுத் தர்றேன், தொப்பி வச்சு, வெளிச்சம் கீழ விழற மாதிரி."

அவர் கரண்டியை நிறுத்தினார். "பிறையா? நான் பார்த்தே ரொம்ப நாளாச்சு" என்றார். "சரி, அணைக்கிறேன் லா."

அன்று மாலை உம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தேன். "கண்ணுக்குத்தான் தெரியாதே" என்று முனகினார். திரையை விலக்கினேன். போர்டு ஓடிக்கொண்டிருந்தது. உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நொடி பட்டென்று அது அணைந்தது.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு கொடிமலையின் கோடு தெரிந்தது. அதற்கு மேல் ஆரஞ்சு, அதற்கு மேல் நான் தெருத்தெருவாகத் தேடி எடுத்த அந்தக் கருநீலம். அதில் நகத்தைக் கிள்ளிப்போட்ட மாதிரி பிறை. கீழே தெருவில் கடைக்கார அண்ணன் தோளில் துண்டோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

உம்மா கையேந்தி ஓதி முடித்தார். சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் முன்பே அழ ஆரம்பித்திருந்தேன்.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு உம்மா. என் போர்டுதான் மறைச்சிருக்கு."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா? எப்பத்திலேருந்து?"

"அன்னைக்கே தெரியும்." முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்தார். "ஊரையே கூட்டிக்கிட்டு வந்து எம் மக போட்டதுனு காட்டியிருக்கேன். அது பிறைய மறைக்குதுனு உங்கிட்ட எந்த வாயால சொல்றது? கண்ணு மங்கிடுச்சுனு சொல்றது லேசா இருந்துச்சு."

அரை மணி நேரம் முடிந்து போர்டு மறுபடி எரிந்தது. பழக்கத்தில் உம்மாவின் கை திரைக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.