கருத்தை விடாமல் சமாதானம் தேடிய அக்கா

எங்கள் அக்கா ஆண்டவருடைய சமுகத்துக்குச் சென்று இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும்படி அத்தான் கேட்டபோது, நல்ல காரியங்களை மட்டும் எழுதினால் போதும் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். ஆனால், அக்காவும் நானும் இரண்டு ஆண்டுகள் பேசாமல் இருந்ததை மறைத்துவிட்டு அவர்களைப் பற்றி உண்மையாக எழுத எனக்குத் தெரியவில்லை. அத்தான் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில். அப்பா கொத்தனார். கட்டட வேலைக்காக அவர் திருவனந்தபுரம் வந்தபோது கரமனையில் ஓர் ஓட்டு வீட்டில் குடியேறினோம். அக்காவுக்கு இருபது வயதாகும் முன்பே அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துக் காலமானார்கள். அக்கா தட்டச்சு படித்து அரசு அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்கள். என்னைவிட ஏழு வயதுதான் மூத்தவர்கள். என்னைப் படிக்க வைத்து, அறுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமும் செய்து வைத்த பிறகுதான் தாம் மணந்துகொண்டார்கள். அச்சகத்தில் வேலை பார்த்த அத்தான் அதுவரை பொறுமையாகக் காத்திருந்தார்.

நாங்கள் பிறந்து வளர்ந்த சபையின் தமிழ் ஆராதனையில் அக்காவின் குரல் தனியாகத் தெரியும். பிறரைப் போலப் பேசிக் காட்டும் திறமையும் அவர்களுக்கு உண்டு. அலுவலகத்து மேலாளர், பேருந்து நடத்துநர், எங்கள் போதகர் என்று யாரையும் விடமாட்டார்கள். பார்க்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

கல்யாணமாகிச் சில ஆண்டுகளில் நானும் என் கணவரும் பெந்தெகொஸ்தே சபை ஒன்றில் சேர்ந்தோம். குழந்தையில் தண்ணீர் தெளித்துக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று, கரமனை ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றோம். அந்தச் சபையார் பொன் அணிவதில்லை. அந்த வாரமே அக்கா வீட்டுக்குப் போய், கல்யாணத்துக்கு அவர்கள் போட்ட வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"இந்தப் பொன்னு எனக்கு இனி வேண்டாம் அக்கா. உனக்க சபை செத்த சபையாக்கும். அதுல இருந்தா நீ கரையேற மாட்டே."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "ஆத்துல முங்கினதுல உனக்கு அகந்தைதான் கூடியிருக்கு பிள்ளே. போ, போயி ஊரு கேட்க அலறி ஜெபி."

அன்றோடு பேச்சு நின்றது. பிறகு நான் எங்கள் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னபோது, என்னை வளர்த்த அக்காவையே இருளில் கிடப்பவள் என்று சொன்னேன். அக்காவோ தங்கள் சபையின் பெண்கள் சங்கத்தில் நான் ஜெபிப்பதை நடித்துக் காட்டினார்கள். கையை நடுக்குவது, கண்ணை இறுக மூடுவது, குரல் கம்முவது எல்லாம் அப்படியே இருந்ததாம். என் காதுக்கு வந்தபோது உடம்பெல்லாம் எரிந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவின் சபையில் அன்று திருவிருந்து. காணிக்கை படைக்கும் முன் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்ற ஆண்டவரின் போதனையைப் போதகர் எடுத்துப் பேசினாராம். அக்கா திருவிருந்து வாங்காமல் பாதியிலேயே எழுந்து, பேருந்து பிடித்துக் கரமனைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் கூட்டம் நடந்த ஓலைக் கொட்டகையில், பட்டுச் சேலையும் கழுத்துச் சங்கிலியுமாகக் கடைசிப் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். "பொன்னெல்லாம் போட்டுக்கிட்டு யாரு இது?" என்று எனக்குப் பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். அக்காவுக்கும் அது கேட்டிருக்கும். அசையவில்லை.

கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் என்னிடம் வந்தார்கள். "உனக்க ஜெபத்த நான் நடிச்சுக் காட்டி நாலு பேரைச் சிரிக்க வச்சேன் பிள்ளே. அது பாவம். என்னை மன்னிச்சிரு."

"அப்போ மனந்திரும்பிட்டேன்னு சொல்லு" என்றேன். என் கல்நெஞ்சு அப்படி.

"உன்னைப் பரிகாசம் பண்ணினதுல மனந்திரும்பிட்டேன். ஞானஸ்நானத்துல எனக்க எண்ணம் மாறல்ல. அதைப் பேச நான் வரவும் இல்ல."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாய்களைச் சுருட்டப் போனேன். அக்கா தனியாகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனார்கள்.

சில வாரங்கள் கழித்து, அந்தப் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் சந்தையில் என் கையைப் பிடித்தார். "உனக்க அக்கா எங்க முன்னால எழும்பி நின்னுட்டா. 'எனக்க தங்கச்சிய வச்சு உங்களைச் சிரிக்க வச்சது தப்பு, இனி யாரும் அதைக் கேக்காதீங்க, அவ ஜெபிக்கியது உண்மையான ஜெபமாக்கும்'னு சொன்னா. எங்களுக்குத் தலை நிமிரல்ல பிள்ளே."

நான் இல்லாத இடத்தில் எனக்காகப் பேசியிருக்கிறார்கள். மீன் வாங்க வந்தவள் வெறும் பையோடு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நானும் உன்னைப் பற்றி சபையில..."

"தெரியும் பிள்ளே."

"எப்படித் தெரியும்?"

"கரமனையில எதுதான் தெரியாது? இரி, கிழங்கு தின்னுட்டுப் போ."

அழுதுகொண்டே தின்றேன். இரண்டு ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்த பாரம் அன்று இறங்கியது. அடுத்த ஞாயிறு எங்கள் கூட்டத்தில் எழுந்து, அக்காவைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றேன். சிலர் முகம் சுளித்தார்கள். என் கணவர் மட்டும் சத்தமாக ஆமென் சொன்னார்.

அதற்குப் பிறகு நாங்கள் வாதாடாமல் இருந்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அக்கா உயிரோடிருந்த அடுத்த பத்து ஆண்டுகளும் வாதாடினோம். அக்கா ஒரே ஒரு ஒழுங்கு வைத்தார்கள். பதில் சொல்லும் முன், மற்றவள் சொன்னதை அவளே ஒத்துக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். "இல்ல பிள்ளே, நான் அப்படிச் சொல்லல்ல" என்று அக்கா என்னை எத்தனை முறை நிறுத்தியிருப்பார்கள்! அத்தான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

கடைசி மூன்று மாதம் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அவர்கள் போதகர் வந்து மெதுவாக ஜெபித்துப் போனார். எங்கள் போதகர் வந்து வார்டு முழுவதும் கேட்க ஜெபித்தார். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தபோது, "ஒண்ணுமில்ல மோளே, எனக்க தங்கச்சிக்க ஆளுங்களாக்கும்" என்று பெருமையாகச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து, என் கை அவர்கள் கைக்குள் இருக்கும்போதே மூச்சு அடங்கியது. நிறைய அழுதேன். ஆனால் கேட்காமல் விட்ட மன்னிப்பு என்று ஒன்றும் எங்களுக்குள் மிச்சம் இல்லை. அதற்காக ஆண்டவரைத் துதிக்கிறேன்.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் நர்ஸ்மாருக்கும், மாறி மாறிச் சோறு கொண்டுவந்த அலுவலகத் தோழிகளுக்கும், கல்லறைவரை ஒன்றாக நடந்து வந்த இரண்டு சபையாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. அத்தானுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி ஒரு தாளில் அடங்காது.

ஞானஸ்நானத்தைப் பற்றிய எங்கள் வழக்கு தீராமலே நின்றுவிட்டது. யார் சொன்னது சரி என்று அக்கா இந்நேரம் ஆண்டவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்கள். நான் சொன்னது தவறாகவே இருந்தாலும், நான் அங்கே போய்ச் சேரும்போது அக்கா என்னைப் பரிகசித்துச் சிரிக்க மாட்டார்கள்.