சாமி இல்லாத மலைக்கு ஒரு பாதயாத்திரை

எங்கள் தொம்மலூர்ப் பூங்காவில் நடப்பதற்கு ஒரு திசை உண்டு. வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள்: கடிகார முள் சுற்றும் பக்கமாக நடக்கவும். நம் ஊரிலும் சுற்றுவோம்தான், ஆனால் நடுவில் ஒரு சாமி இருக்கும். இங்கே நடுவில் இருப்பது தண்ணீர் வராத ஒரு நீரூற்றும் அதற்குள் தூங்கும் ஒரு நாயும். அந்த நாயை நூறு பேர் தினமும் காலையில் பயபக்தியோடு வலம் வருகிறார்கள். நான் குடிவந்த புதிதில் பலகையைக் கவனிக்காமல் எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். அதன்பிறகு மாற்றினால் இத்தனை நாளும் தப்பாக நடந்தேன் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று அப்படியே விட்டுவிட்டேன். வருடங்கள் ஓடிவிட்டன. இதில் ஒரு லாபம், ஒழுங்காக நடக்கிறவர்களுக்கு முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். எனக்கோ ஒவ்வொரு சுற்றுக்கும் எல்லார் முகமும் இரண்டு தடவை தரிசனம். பேர் தெரியாது, வீடு தெரியாது, முகம் மட்டும் தெரியும். பெங்களூரில் எனக்கிருந்த நட்பு வட்டாரம் கிட்டத்தட்ட இவ்வளவுதான் என்பது ஒரு மலையேற்றத்துக்கு ஆள் தேடியபோதுதான் புரிந்தது.

ஐம்பதை நெருங்குகிற ஒருவன் மலையேறக் கிளம்புகிறான் என்றால் டாக்டர் சொல்லியிருக்க வேண்டும், அல்லது வாயைக் கொடுத்து மாட்டியிருக்க வேண்டும். எனக்கு வாய். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது சின்னப் பிள்ளைகள் அவரவர் போய்வந்த டிரெக்கிங் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு ராத்திரி கூடாரத்தில் படுத்துவிட்டு வந்ததை எவரெஸ்ட் மாதிரி பேசினால் எனக்குப் பொறுக்குமா? "நான் உங்கள் வயதில் நாலு நாள் தொடர்ந்து நடந்தவன்" என்று எடுத்துவிட்டேன். ஒரு பெண் கண்களை விரித்து, "செல்ஃப் சப்போர்ட்டடா சார்?" என்று கேட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாததால் தன்னடக்கத்தோடு தலையாட்டினேன். சாப்பாடு, தண்ணீர், படுக்கை எல்லாவற்றையும் தானே முதுகில் சுமந்து போவதற்கு அந்தப் பேர் என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நான் நடந்தது சிங்கம்புணரியிலிருந்து பழனிக்கு. தைப்பூசப் பாதயாத்திரை. தோளில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் ஒரு வேட்டி, ஒரு துண்டு. நத்தம் தாண்டுவதற்குள் புளியோதரை, நீர்மோர், பானகம், சுக்குக் காப்பி, மறுபடி புளியோதரை. ரோட்டோரத்தில் நிற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து ஊட்டாத குறையாகத் திணிப்பார்கள். ராத்திரி தங்குகிற இடத்தில் முன்பின் தெரியாத யாரோ ஒருவர், "சாமி, காலை நீட்டுங்க" என்று சொல்லி எண்ணெய் தேய்த்துவிடுவார். எல்லாரும் எல்லாருக்கும் சாமிதான். துணை தேடுகிற பேச்சுக்கே இடமில்லை. கூட்டம் போகிற பக்கம் நாமும் போகிறோம், அவ்வளவுதான். நாலு நாள் நடந்து முடித்துத் திரும்பியபோது நான் இளைத்திருப்பேன் என்று அம்மா எதிர்பார்த்தாள். இடுப்பு வேட்டி பத்தவில்லை.

இந்த ரகசியம் தெரியாத பிள்ளைகள் எனக்கு வழி சொல்லிக் கொடுத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக நீளமான ஒரு நடைவழி இருக்கிறதாம், மொத்தமாக நடக்க முடியாதவர்கள் வருடத்துக்கு ஒரு துண்டாக நடக்கிறார்களாம். சக்லேஷ்புரத்துக்கு மேற்கே காப்பித் தோட்டங்கள் ஊடாக மூன்று நாள் துண்டு ஒன்று முதல்முறை போகிறவர்களுக்கு நல்லது என்றார்கள். ராத்திரி கிராமத்து வீடுகளில் தங்கலாம். அதை ஏற்பாடு செய்கிற பெண்ணோடு போனில் பேசினேன். குரலைக் கேட்டால் கல்லூரி முடித்து ஒரு மாதம் ஆகியிருக்கும் போலிருந்தது. கண்டிப்போ தலைமையாசிரியர் கண்டிப்பு. "மினிமம் மூணு பேர் சார். ஒருத்தருக்குக் கால் பிசகினா ஒருத்தர் கூட இருக்கணும், இன்னொருத்தர் போய் ஆள் கூட்டிட்டு வரணும். நெட்வொர்க் இருக்காது. உங்க கூட இருக்கப்போறது யாரு, போகப்போறது யாருன்னு முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க."

போனை வைத்துவிட்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். என் மனைவி கவிதா அலமாரியைத் துடைத்துக்கொண்டே, "என்ன, ஆள் இல்லையா?" என்றாள். கேலிதான், ஆனால் சரியாக அங்கேதான் குத்தியது. பத்தொன்பது வருடம் இந்த ஊரில் இருந்திருக்கிறேன். சம்பளம், வீடு, பிள்ளையின் படிப்பு எல்லாம் இங்கேதான். நான் காட்டில் கால் பிசகி விழுந்தால் பக்கத்தில் உட்கார ஒருத்தர், ஓடிப்போய் ஆள் கூட்டிவர ஒருத்தர் என்று இரண்டு பேரைக்கூட என்னால் யோசிக்க முடியவில்லை. சிங்கம்புணரியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தடுக்கினால்கூட எட்டுப் பேர் ஓடிவருவார்கள். அதில் மூன்று பேர் திட்டுவார்கள் என்பது வேறு விஷயம்.

தமிழ் நண்பர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பார்த்தேன். நிமிடத்தில் கட்டைவிரல்கள் குவிந்தன. பிறகு கேள்விகள். "மலைமேல எந்தக் கோயில்?" கோயில் இல்லை என்றேன். "அப்ப அன்னதானம்?" அதுவும் இல்லை. "கோயிலும் இல்ல, சோறும் இல்ல, அப்புறம் எதுக்குய்யா நடக்கணும்? பஸ் போகாதா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. போகிற நாள் வேறு பொங்கல் விடுமுறை. அப்போது பெங்களூர்த் தமிழன் தமிழ்நாட்டு எல்லையில் அத்திபெலே சோதனைச்சாவடியில் ஊர்ந்துகொண்டிருப்பான், மலையில் இருக்கமாட்டான்.

ஆள் கிடைக்கிறதோ இல்லையோ, பயிற்சியை ஆரம்பித்துவிடுவோம் என்று ஒரு பெரிய முதுகுப்பை வாங்கினேன். பாதயாத்திரையில் ஒன்றுமே கொண்டுபோகாதவனுக்கு இப்போது வழியில் யாரும் சோறு போடமாட்டார்கள் என்ற பீதி. குட்டி குக்கர், பருப்புப்பொடி, இரண்டு டார்ச், மூன்றாவதாக அந்த இரண்டும் எரியாவிட்டால் ஒரு மெழுகுவத்தி, குடை, தைலம், ஆபத்தில் ஊத ஒரு விசில், விசில் ஊத மூச்சில்லாமல் போனால் ஆட்ட ஒரு பூஜை மணி. பையைத் தூக்கி முதுகில் மாட்டினேன், அது என்னை நாற்காலியில் உட்கார வைத்தது. ஒருவழியாக எழுந்து தெருவில் இறங்கினால், எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து, "மனெ காலி மாடுத்தித்தீரா சார்?" என்று ஆவலோடு கேட்டார். வீடு காலி செய்கிறேனாம், அவருடைய தங்கை மகனுக்கு வேண்டுமாம். பூங்காவுக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்னும் இரண்டு பேர் வாடகை எவ்வளவு என்று விசாரித்தார்கள்.

பூங்காவில் அன்றைக்குத்தான் மஞ்சுநாத் முதன்முதலாக வாய் திறந்தார். தினமும் எதிரே வருகிற முகங்களில் அதுவும் ஒன்று. மீசை, குரங்குக் குல்லா, என்னைக் கண்டதும் லேசாகச் சுருங்கும் புருவம். வழியை மறித்து நின்றார். "யாக்கே சார் டெய்லி உல்டா ஹோக்தீரா? இன்னிக்கு லோடு வேற." தினமும் ஏன் தலைகீழாகப் போகிறேன் என்று பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகக் கேட்டார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர் என்று அப்புறம் தெரிந்தது. ஒன்வேயில் தினமும் எதிரே வருகிற ஒருவனை இத்தனை வருடம் சகித்துக்கொண்ட மனிதர்! ஜோசியர் சொன்ன ஏதோ பரிகாரம் என்று நினைத்துக் கேட்காமல் விட்டாராம். என் ஓட்டைக் கன்னடத்தில் மலைக் கதையைச் சொன்னேன். பாதி புரிந்திருக்கும். கோலார்க்காரர், மலையை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. "நானூ பர்த்தீனி, நானும் வர்றேன்" என்றார். கோயில் இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. சங்கராந்திக்கு வீடு நிறைய மாமனார் வீட்டு ஆட்கள் வருகிறார்களாம், எங்காவது போயே தீரவேண்டுமாம்.

மூன்றாவது ஆள் பையால் கிடைத்தார். சுமை தாங்காமல் ஒரு வார் பிய்ந்துகொண்டது. தொம்மலூர்ப் பழைய ஊருக்குள் பை தைக்கிற சேகரிடம் கொண்டுபோனேன். என் வயதுதான். பேச ஆரம்பித்தால் ஊசி நின்றுவிடும்.

"இன்னா சார், இத்தினி பெருசா? ஊருக்கா?"

"இல்லை, மலைக்கு. மூணு நாள் நடை. நீங்க பொங்கலுக்கு ஊருக்குப் போகலையா?"

"எந்த ஊருக்கு?" என்று சிரித்தார். "எங்க தாத்தாவோட அப்பா தண்டுல, அதான் கண்டோன்மெண்டுல, வேலைக்கு வந்தவரு. எங்கேர்ந்து வந்தாருன்னு கேட்டா வீட்ல ஒவ்வொருத்தரு ஒவ்வொண்ணு சொல்வாங்க. இதான் சார் நம்ம ஊரு. பொங்கல் வந்தா நீங்கல்லாம் ஜிப்பு போச்சு, வாரு போச்சுன்னு எங்கிட்டதான் ஓடியாறீங்க. எல்லா பையும் தெச்சு குடுத்துட்டு பாத்தா தெரு காலி. நான் மட்டும் கடையில சும்ன குந்தினு இருப்பேன். நான் பைய தூக்கினு எங்கியும் போனதே இல்ல." வாரில் தொங்கிய நூலைக் கடித்து அறுத்தவர் நிமிர்ந்தார். "மூணு நாளுன்னா சொன்னீங்க? எனக்கு முட்டி கொஞ்சம் பேஜார் பண்ணும். பரவால்லியா?"

ஆக ஒரு வாய்ச்சொல் வீரன், வீட்டைவிட்டு ஓடும் ஒரு மருமகன், முட்டிவலிக்காரர் ஒருவர். ஏற்பாட்டுப் பெண்ணிடம் மூன்று பேர் தேறிவிட்டோம் என்றேன். "கூட இருக்கறது யாரு சார், போறது யாரு?" என்று விடாமல் கேட்டாள். "போய்ப் பார்த்துக்கலாம்" என்று சமாளித்தேன்.

மிச்சமிருந்தது அம்மா. கல்யாணமான பிறகு ஒரு பொங்கலுக்குக்கூட நான் சிங்கம்புணரி போகாமல் இருந்ததில்லை. "ஏன்ப்பு, மலைக்கா? என்ன வேண்டுதலு?" என்றாள். எதற்கு நடக்கிறோம் என்று அம்மாவுக்கு விளக்குவதைவிட ஆமாம் என்பது சுலபமாக இருந்தது. "எந்தச் சாமி?" "மேல இருக்கும்மா" என்றேன். பொய் சொன்னால் இப்படிச் சொல்ல வேண்டும், எங்கும் பொருந்தும். மறுநாள் தெரு முழுக்கச் செய்தி பரவி, வாரக் கடைசியில் பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. திருநீறு, மஞ்சள் துண்டு, குடுமியோடு ஒரு தேங்காய். "உச்சிக்குப் போனதும் நம்ம ஊர்ப்பக்கம் பாத்து ஒடை" என்று போனில் உத்தரவு. குக்கரை எடுத்துவிட்டுத் தேங்காயை வைத்தேன்.

கிளம்புகிற நாள் நெருங்க நெருங்க என் வீரம் பேதியாகிவிட்டது, நிஜமாகவே. பெங்களூரில் எதற்கெல்லாமோ பந்த் நடத்துகிறார்களே, எனக்காக ஒன்று நடத்தமாட்டார்களா என்று செய்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் மஞ்சுநாத்தைக் கூப்பிட்டு, "உடம்பு எப்படி இருக்கிறது, இருமல் மாதிரி ஏதாவது?" என்று நம்பிக்கையோடு விசாரித்தேன். "எனக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்கு?" என்று அவரும் அதே நம்பிக்கையோடு கேட்டார். அப்போது காலிங்பெல் அடித்தது. சேகர். தானே வெட்டித் தைத்த புத்தம்புதுப் பையோடு நிற்கிறார். நாங்கள் நாளைக்குத்தான் கிளம்புகிறோம் என்றேன். "தெரியும் சார். முதுகுல எப்டி கீதுன்னு காட்டலாம்னு வந்தேன்" என்று திரும்பி நின்று காட்டினார். வாட்ச்மேன் தன்னைப் பார்த்து, ஊருக்கா என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டாராம். இதற்குமேல் எப்படிப் பின்வாங்குவது?

முதல் நாள் நன்றாகவே போனது. பாதயாத்திரை சாமி கதையைச் சொல்லித் தொலைத்ததால் இருவரும் என்னைச் சாமி என்றே கூப்பிட்டுக் கிண்டலடித்தார்கள். இரண்டாம் நாள் காலை, காப்பித் தோட்டத்துக்கு மேலே ஒரு இறக்கத்தில், கார் பழக வந்தவர்களை மஞ்சுநாத் எப்படித் திட்டுவார் என்று நான் நடித்துக் காட்டிக்கொண்டே இறங்கினேன். கிளட்ச் என்று சொல்லிக் காலைத் தூக்கினேன். மற்ற கால் சரளையில் சறுக்கியது. கணுக்கால் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ஊன்றிப் பார்த்தேன், முடியவில்லை. போனில் சிக்னல் கோடு ஒன்றும் இல்லை. அந்தப் பெண் சொன்ன கணக்குப்படி ஒருவர் இருக்க வேண்டும், ஒருவர் போக வேண்டும்.

"மஞ்சு, நீ போ" என்றார் சேகர். "எனக்கு முட்டி. தனியா போனா ஆனை கீனை வரும்."

"நானு ஹோதரே, நான் போனா நீங்க ரெண்டு பேரும் தமிழ்லயே பேசி, தமிழ்லயே காணாம போயிடுவீங்க. இங்க யாராவது வந்தா கன்னடத்துல யார் பேசறது? நான் இருக்கேன், நீங்க போங்க."

"யோவ், யாராவது ஒருத்தர் போங்கய்யா" என்று கத்தினேன். மஞ்சுநாத் குல்லாவைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சேகர் அந்தப் பக்கம் உட்கார்ந்து, என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தைலத்தைத் தேடினார். போக ஆளில்லை. இருக்கத்தான் இரண்டு பேர். விதிமுறைப்படி பெரிய தவறு. விசிலை எடுத்து ஊதினேன், மூச்சு இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் வந்து சேரவில்லை என்று அடுத்து நாங்கள் போகவேண்டிய வீட்டுக்காரர் ஜீப் அனுப்பும்வரை அங்கேயேதான் இருந்தோம்.

ஜீப் வருவதற்கு வெகு முன்னாலேயே பசித்தது. பையில் தேங்காய் இருந்தது. உச்சி இல்லை, சாமியும் இல்லை, இருந்தாலும் அம்மா சொன்ன ஒன்றையாவது செய்வோம் என்று ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டேன். மஞ்சுநாத் போனில் திசைகாட்டியைத் திறந்து, பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்: பெங்களூரு நேர் கிழக்கு, உங்கள் ஊர் தென்கிழக்கு.

சேகர் தைலத்தை நிறுத்திவிட்டுக் கிழக்கே பார்த்தார். அங்கே மலைமேல் மலையாக இருந்தது. "தொம்மலூரு அந்தாண்டையா?" என்றார். "தூரத்துலேர்ந்து பாத்தா நம்மளுதும் ஒரு ஊரு மாதிரிதான் சார் கீது."

நான் தேங்காயைக் கையில் எடுத்தேன். எழுந்து திரும்பி நிற்க வழியில்லை. சேகர் மடியிலிருந்த கால் கிழக்கே நீண்டிருந்தது, வீங்கிய பாதம் தொம்மலூரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடுப்புக்கு மேலே மட்டும் திருகி, முகத்தைச் சிங்கம்புணரிப் பக்கம் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பாறையில் குறி பார்த்துக் கையை ஓங்கினேன்.

"சாமி, காலை ஆட்டாதீங்க" என்றார் சேகர்.