பட்டியலில் இல்லாத பள்ளி

இன்று தாம்பரம் இணையச் சேவை மையத்தில் எனக்கு முன்னே ஓர் அம்மையார் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க வேலை பார்த்த ஸ்கூல் லிஸ்ட்லயே வரல," என்றார் கணினி முன் இருந்த இளைஞர்.

"வராதுப்பா. மஸ்கட்ல நம்ம தமிழாளுங்க ஒரு கார் ஷெட்ல ஆரம்பிச்ச தமிழ் ஸ்கூல் அது. ஒவ்வொருத்தரா ஊருக்குத் திரும்பிட்டாங்க, மூடியாச்சு."

"அப்போ உங்க எக்ஸ்பீரியன்ஸை யாருகிட்ட வெரிஃபை பண்ணுவாங்க?"

"கடைசியா பூட்டுப் போட்டதே நான்தாம்பா."

இளைஞர் பட்டியலின் கடைசி வரிக்குப் போனார். "'அதர்ஸ்'னு போட்டுடவா அக்கா?"

அம்மையார் தலையசைத்தார். அவரது பதினெட்டு ஆண்டு ஆசிரியப் பணி அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கியது.

கடல் கடந்த தமிழைப் பற்றி நேற்றும் மேடையில் முழங்கிய நான், இன்று வரிசையில் வாய் திறவாது நின்றேன்.

அங்குப் படித்தோர் எவரேனும் இதைக் காண்பீராயின், கீழே 'உள்ளேன் அம்மா' என்று எழுதுங்கள். அவருக்கு வேறு சான்று இல்லை.